போருக்குப் பிந்தைய பள்ளிச் சீர்திருத்தமும் அன்றாட வகுப்பறையும்: ஆய்வில் இறங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்வி வரலாற்றில் ஆய்வு செய்ய வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எளியவை முன்னால், வில்லங்கமானவை பின்னால்.

“போருக்குப் பிந்தைய”ன்னு சொல்றீங்களே, எந்தப் போர்? எந்த வருஷம் வரைக்கும்?

இரண்டாம் உலகப் போர். தொடக்கம் 1945 என்பது வழக்கம். முடிவை ஆளாளுக்கு ஒரு வருடத்தில் வைக்கிறார்கள். 1970-களின் நடுப்பகுதி வரை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஆனால் 1945-இல் எல்லாம் புதிதாகத் தொடங்கியது என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் கல்விச் சட்டம் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1944 ஆகஸ்டில் நிறைவேறிவிட்டது. போரில் சேராத ஸ்வீடனில் பள்ளிகளைப் பற்றிய விசாரணைக் குழு 1940-லேயே உட்கார்ந்துவிட்டது. பிரான்ஸில் எல்லோருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்ற சட்டம் வர 1975 ஆனது. எனவே முதலில் ஒரு சீர்திருத்தத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் சில வருடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தைய வருடங்களைப் பார்க்காமல் ‘மாற்றம்’ என்று எதையும் எழுத முடியாது.

அப்படி என்னதான் மாறிச்சு? சுருக்கமா சொல்லுங்க.

பெரும்பாலான நாடுகளில் இரண்டு கேள்விகள்தான் சண்டைக்கு மூலம். பிள்ளைகள் எத்தனை வயது வரை கட்டாயம் படிக்க வேண்டும்? எந்த வயது வரை எல்லோரும் ஒரே பள்ளியில் உட்கார வேண்டும்? இங்கிலாந்தில் 1944 சட்டம் அரசுப் பள்ளிகளில் உயர்நிலைக் கல்வியை இலவசமாக்கியது. பள்ளியை விட்டுப் போகும் வயது 1947 ஏப்ரலில் 15 ஆனது. ஆனால் 11 வயதில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்தார்கள். ஜப்பானில் 1947 மார்ச்சில் கல்வி அடிப்படைச் சட்டமும் பள்ளிக் கல்விச் சட்டமும் வந்தன. ஆறு ஆண்டு தொடக்கப் பள்ளி, மூன்று ஆண்டு நடுநிலை, மூன்று ஆண்டு உயர்நிலை என்ற அமைப்பு வந்து, முதல் ஒன்பது ஆண்டுகள் கட்டாயமாயின. ஸ்வீடன் 1950-இல் பரிசோதனையாகத் தொடங்கி 1962-இல் எல்லோருக்குமான ஒன்பதாண்டுப் பொதுப் பள்ளியைச் சட்டமாக்கியது. இத்தாலியில் 11 முதல் 14 வயது வரை எல்லோருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்ற சட்டம் 1962 டிசம்பர் கடைசியில் வந்தது.

ஜெர்மனி இரண்டாகப் பிரிந்ததில் பள்ளியும் பிரிந்தது. சோவியத் படைகள் பிடித்திருந்த கிழக்குப் பகுதியில் 1946-லேயே எட்டாண்டுப் பொதுப் பள்ளி வந்துவிட்டது. மேற்கில் பத்து வயதையொட்டிப் பிள்ளைகளைப் பிரிக்கும் பழைய முறை பெரும்பாலும் தொடர்ந்தது. அமெரிக்காவில் கதை வேறு. இன அடிப்படையில் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957 அக்டோபரில் சோவியத்தின் ஸ்புட்னிக் பறந்ததும், அடுத்த வருடமே அறிவியல், கணிதம், அயல்மொழிக் கல்விக்கு மத்திய அரசின் பணம் கொட்டத் தொடங்கியது.

சட்டம், குழு அறிக்கை எல்லாம் அச்சுல இருக்கே. அதைப் படிச்சா போதாதா?

போதாது. சட்டம் சொல்லாத விஷயமும் நடக்கும், சொன்ன விஷயம் நடக்காமலும் போகும். முதல் வகைக்கு இங்கிலாந்தையே பாருங்கள். இலக்கணப் பள்ளி (தேர்வில் தேறியவர்களுக்கான ஏட்டுக் கல்விப் பள்ளி), தொழில்நுட்பப் பள்ளி, நவீன உயர்நிலைப் பள்ளி (மீதிப் பிள்ளைகளுக்கானது) என்ற மூன்று வகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 1944 சட்டத்தைத் தேடிப் பாருங்கள், அந்தப் பிரிவினை அதில் இல்லை. அதற்கு முந்தைய அறிக்கைகளும் பிந்தைய சுற்றறிக்கைகளும் உள்ளூர் நிர்வாகங்களும் சேர்ந்து உண்டாக்கியது அது.

இரண்டாம் வகைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் பிரான்ஸ். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று 1956-இல் உத்தரவு போட்டார்கள். அதே தடையை 1960-களில் மறுபடி நினைவூட்டினார்கள், அப்புறமும் நினைவூட்டினார்கள், 1994-லும் நினைவூட்டினார்கள். எல்லோரும் கேட்டு நடந்திருந்தால் இத்தனை சுற்றறிக்கை எதற்கு? ஒரே உத்தரவு திரும்பத் திரும்ப வந்தால், மீறல் எவ்வளவு பரவலாக இருந்தது என்று அந்த உத்தரவே காட்டிக்கொடுத்துவிடுகிறது. காப்பகத்தில் உட்காரும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் நடந்தது காற்றோட போன விஷயம். அதுக்கு ஆதாரம்னு எதைத் தேடுறது?

காற்றோடு போனது பேச்சு மட்டும்தான். அந்தப் பேச்சைச் சுற்றி ஏகப்பட்ட காகிதம் குவிந்தது. பள்ளி நாட்பதிவேடு, வருகைப் பதிவேடு, கால அட்டவணை, ஆசிரியரின் பாடக்குறிப்பு, வினாத்தாள், பிள்ளைகளின் நோட்டு, தண்டனைப் பதிவேடு, ஆய்வாளர் அறிக்கை, மேசை நாற்காலி வாங்கிய ரசீது, ஆசிரியர் கூட்டத்தின் குறிப்பு, பள்ளி இதழ் எல்லாமே ஆதாரம்தான். ‘வகுப்பறை வரலாறு’ என்று பெயர் போட்டு எந்தக் கோப்பும் இருக்காது. கட்டடம், சாமான்கள், சம்பளம், புகார் என்ற தலைப்புகளுக்குள் புதைந்திருக்கும்.

இங்கிலாந்தில் தலைமையாசிரியர் நாட்பதிவேடு எழுதும் வழக்கம் 1860-களிலிருந்து இருக்கிறது. பல பள்ளிகளின் பதிவேடுகள் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். கல்வி அமைச்சகக் கோப்புகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். பிரான்ஸுக்கு ரூவான் நகரிலுள்ள தேசியக் கல்வி அருங்காட்சியகம்: நோட்டு, மேசை, மைப்புட்டி, சுவர்ப்படம் என்று மலை போலக் குவிந்திருக்கிறது. ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக்கில் உள்ள கேயோர்க் எக்கெர்ட் நிறுவனத்தில் பல நாட்டுப் பாடப்புத்தகங்கள் இருக்கின்றன. பெர்லினில் கல்வி வரலாற்றுக்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது.

தலைமையாசிரியர் பதிவேட்டைப் புரட்டினேன். கொதிகலன் கெட்டது, பிள்ளைகள் வரலைன்னுதான் இருக்கு. இதுல வரலாறு எங்கே?

அதுதான் வரலாறு. 1947 குளிர்காலம் இங்கிலாந்தை உலுக்கியது, நிலக்கரித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. அந்த மாதங்களின் பதிவேட்டில் “மை உறைந்துவிட்டது”, “கணப்பு இல்லை, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம்” என்ற மாதிரி வரிகள் வந்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள். அதே ஏப்ரலில்தான் கட்டாய வயது 15 ஆனது. கூடுதலாக ஒரு வயதுப் பிள்ளைகள் மொத்தமாகப் பள்ளியில் தங்கினார்கள். அவர்களை உட்கார வைக்க அரசு முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகைகளால் கொட்டகை வகுப்பறைகளை அவசரமாக நாடு முழுக்க எழுப்பியது. சீர்திருத்தம் பல ஊர்களில் ஒரு கான்கிரீட் கொட்டகையாகத்தான் வந்து இறங்கியது.

பதிவேட்டைப் படிக்க ஒரு வழி: உங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் பொறுக்காமல், ஒரு முழு வருடத்தை வரிசையாகப் படியுங்கள். எத்தனை நாள் ஆசிரியர் வரவில்லை, அன்று அந்த வகுப்பை யார் பார்த்தார், எதற்கெல்லாம் பாடம் நின்றது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். கால அட்டவணையில் வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்று இருக்கும் பாடம், நடைமுறையில் எவ்வளவாகச் சுருங்கியது என்று அப்போது பிடிபடும். இன்னொன்று, தலைமையாசிரியர் எதை எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். வழக்கமாக நடப்பதை யாரும் எழுதிவைப்பதில்லை. வழக்கம் தவறியதைத்தான் எழுதுவார்கள்.

ஒரு பையனோட பழைய நோட்டுல என்ன பெரிசா இருந்துடப் போகுது?

என்னைக் கேட்டால், இருக்கும் ஆதாரங்களிலேயே சுவையானது இதுதான். ஆய்வாளர்கள் இதைத் தனி ஆதாரமாக எடுத்துக்கொண்டு 2007-இல் இத்தாலியின் மச்செராத்தாவில் ஒரு சர்வதேசக் கருத்தரங்கே நடத்தினார்கள்.

முதலில் தேதிகளைப் பாருங்கள். ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் எத்தனை நாள் இடைவெளி? வாரத்துக்கு எத்தனை பக்கம் எழுதியிருக்கிறான்? அடுத்து, எழுதியது யாருடைய வாக்கியம்? “நான் ஆற்றங்கரையில் பார்த்தது” என்று தலைப்பு அழகாக இருக்கும். அதே வகுப்பின் நான்கு நோட்டுகளை அருகருகே வைத்தால், நான்கு பேரும் ஒரே ஆற்றில் ஒரே மீன்கொத்தியை ஒரே சொற்களில் பார்த்திருப்பார்கள். கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதியது அது. ‘சுய வெளிப்பாடு’ என்று சீர்திருத்தவாதிகள் கொண்டாடியது அந்த வகுப்பில் எப்படி வந்து சேர்ந்தது என்று அங்கே தெரிந்துவிடும். மூன்றாவது, சிவப்பு மை. ஆசிரியர் திருத்தியது எழுத்துப்பிழையை மட்டுமா, கருத்தையுமா? எந்தப் பக்கங்களை அவர் பார்க்கவே இல்லை? திருத்தியதை மாணவன் மறுபடி எழுதியிருக்கிறானா?

பொருளையும் பாருங்கள். பிரான்ஸில் பால்பாயின்ட் பேனாவைப் பள்ளியில் அனுமதித்தது 1965-இல்தான். அதுவரை முள்பேனாவால் தடித்த கோடு, மெல்லிய கோடு என்று மாற்றி மாற்றி எழுதப் பழக்கினார்கள். ஒரு நோட்டின் நடுவில் கோடு ஒரே தடிமனாக மாறினால், அந்தக் கையின் பழக்கமே மாறிய இடம் அது. அனுமதி வந்த வருடத்துக்கு முன்பே அப்படி மாறியிருந்தால் இன்னும் நல்லது, அந்த ஆசிரியர் யார் என்று தேடலாம்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் பத்திரப்படுத்தியவை பெரும்பாலும் நன்றாகப் படித்த பிள்ளையின் சுத்தமான நோட்டுகள். கிறுக்கல் நோட்டு அடுப்புக்குப் போயிருக்கும். அதனால் கிடைத்ததை வைத்து “பிள்ளைகள் எல்லாம் முத்துமுத்தாக எழுதினார்கள்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பாடப்புத்தகம் மாறினா பாடமும் மாறியதா எடுத்துக்கலாமா?

அவசரப்படாதீர்கள். 1945 இலையுதிர் காலத்தில் ஜப்பானியப் பிள்ளைகள் தங்கள் புத்தகங்களிலிருந்த போர்ப் பெருமை பேசும் வரிகளைத் தாங்களே தூரிகையும் மையும் கொண்டு அடித்தார்கள். எந்தப் பக்கம், எந்த வரி என்று ஆசிரியர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் அடிப்பார்கள். சில மாதங்களுக்கு முன் அதே வரிகளைப் பயபக்தியோடு படிக்கச் சொன்னவரும் பல வகுப்புகளில் அதே ஆசிரியர்தான். பல பக்கங்கள் வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும் அளவுக்கே கருத்திருந்தன. ஆண்டின் கடைசி நாளில் நெறிக்கல்வி, ஜப்பானிய வரலாறு, புவியியல் மூன்றையும், போரில் வென்ற நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் மொத்தமாக நிறுத்திவைத்தது. புத்தகம் மாறுவதற்கு முன்பே வகுப்பு மாறிவிட்டது என்பதற்கு இது சாட்சி.

ஜெர்மனியில் நிலைமை நேரெதிர். நாஜிப் புத்தகங்களைத் தூக்கிவிட்டு, வேறு வழியில்லாமல் 1933-க்கு முந்தைய புத்தகங்களை மறுபடி அச்சடித்துக் கொடுத்தார்கள். காகிதமும் கிடைக்கவில்லை, புதிதாக எழுத நேரமும் இல்லை. புதிய ஜனநாயகத்தின் பள்ளிக்குப் பழைய புத்தகம்.

பாடப்புத்தகத்தை ஆராய்வதில் தவறில்லை, அதுவே தனித்துறை. ஆனால் வகுப்பறையைப் பற்றிப் பேச வேண்டுமானால் பயன்படுத்திய பிரதிதான் வேண்டும்: பென்சில் கோடு, விட்டுவிட்ட பாடம், பக்க ஓரத்தில் போட்ட தேதி. நூலகத்தின் புத்தம்புதுப் பிரதியில் அது எதுவும் இருக்காது.

இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு எல்லாப் பள்ளியும் பளபளன்னு இருக்கும். அவர் அறிக்கையை நம்பலாமா?

அவர் பாராட்டியதை ஒரு சிட்டிகை சந்தேகத்தோடு படியுங்கள், குறை சொன்னதைக் கவனமாகப் படியுங்கள். “பிள்ளைகள் இன்னும் அதிகமாகக் கேள்வி கேட்கலாம்” என்று ஒரு பத்தாண்டு முழுக்க எல்லா அறிக்கையிலும் வந்தால், யாரும் கேள்வி கேட்கவில்லை என்று அர்த்தம். வகுப்பில் எத்தனை பேர், கூரை ஒழுகியதா, நூலகத்தில் எத்தனை புத்தகம் என்பது போல அவர் போகிற போக்கில் குறித்தவையே பெரும்பாலும் நம்பகமானவை.

புகைப்படம், வீடியோ கிடைச்சா சந்தேகத்துக்கே இடமில்லையே?

புகைப்படக்காரர் வருகிறார் என்றால் பிள்ளைகள் தலைவாரிக்கொண்டு வருவார்கள், ஆசிரியர் மிகச் சிறந்த படத்தைக் கரும்பலகையில் வரைந்து வைப்பார். அமெரிக்க வரலாற்றாளர் லேரி கியூபன் 1890 முதல் 1980 வரையிலான வகுப்பறைகளை ஆராய்ந்தபோது புகைப்படங்களையும் பயன்படுத்தினார், ஆனால் கூடவே ஆசிரியர்களின் விவரிப்பு, மாணவர் நினைவுகள், அறிக்கைகள் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். படத்தில் மாற்ற முடியாததைப் பாருங்கள்: மேசைகள் தரையோடு திருகப்பட்டிருக்கின்றனவா, ஜன்னல் எங்கே, ஆசிரியரின் மேடை உயரமா. திருகிய மேசையில் குழுவாக உட்கார்ந்து படிக்க வழியே இல்லை. பாடத்திட்டம் என்ன சொன்னாலும் சரி.

அன்றைய கிழக்கு பெர்லினில் ஹும்போல்ட் பல்கலைக்கழகம் பாட வகுப்புகளை வீடியோவில் பதிவு செய்தது. அதில் பெர்லின் சுவர் கட்டப்பட்டதைப் பற்றி 1977-இல் நடத்திய ஒரு வரலாற்று வகுப்பும் உண்டு. கேமரா இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அது சாதாரண நாளின் வகுப்பு ஆகாது. ஆனால் எது ‘நல்ல வகுப்பு’ என்று அங்கே எண்ணினார்கள், சரியான பதில் என்று எதை மாணவர்கள் நினைத்தார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

அந்தக் காலத்துல படிச்சவங்களையே கேட்டா முடிஞ்சு போச்சே?

கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். ஆனால் “உங்கள் பள்ளி எப்படி இருந்தது?” என்று ஆரம்பித்தால் “அப்போதெல்லாம் ஒழுக்கம் இருந்தது, மரியாதை இருந்தது” என்றுதான் வரும். அது இன்றைய பள்ளியைப் பற்றிய கருத்து. பிந்தைய அறுபது வருட வாழ்க்கையும் அந்தப் பதிலில் கலந்திருக்கிறது.

சின்னச் சின்னதாகக் கேளுங்கள். எந்த வரிசையில் உட்கார்ந்தீர்கள், யார் பக்கத்தில்? பதில் சொல்ல எழுந்து நிற்க வேண்டுமா? தெரியாவிட்டால் என்ன நடக்கும்? மைப்புட்டியை யார் நிரப்பினார்கள்? கழிப்பறைக்குப் போக என்ன சொல்ல வேண்டும்? கை பழகிய காரியங்கள் மனதில் பத்திரமாக இருக்கும், வருடங்கள்தான் கலந்துவிடும். முடிந்தால் அவருடைய பழைய நோட்டையோ வகுப்புப் படத்தையோ கையில் கொடுத்துவிட்டுப் பேசவிடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரிடமும் இதே முறைதான், கூடுதலாக ஒன்று: சுற்றறிக்கை வந்த அன்று ஆசிரியர் அறையில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கேளுங்கள். முகத்தில் வரும் சிரிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்டனைப் பதிவேட்டில் எண்ணிக்கை குறைஞ்சா அடி குறைஞ்சுதுன்னு எழுதலாமா?

கூடாது. பதிவேட்டில் ஏறியது முறைப்படி பிரம்பால் கொடுத்த அடி. காதைத் திருகியதும், தலையில் குட்டியதும், ஸ்கேலால் தட்டியதும் அதில் வராது. எண்ணிக்கை குறைந்தால், அடிப்பது குறைந்திருக்கலாம், எழுதுவது குறைந்திருக்கலாம், அல்லது எழுதும் தலைமையாசிரியர் மாறியிருக்கலாம். மூன்றாவதை முதலில் சரிபாருங்கள், சுலபம். சட்டத் தேதிகளும் நாட்டுக்கு நாடு வெகுவாக வேறுபடும். கிழக்கு ஜெர்மனி 1949-இல் தடை செய்தது. ஸ்வீடன் தன் ‘மக்கள் பள்ளிகள்’ எனப்பட்ட தொடக்கப் பள்ளிகளில் 1958-இல். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் சட்டம் 1986-இல் வந்து அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆக, 1960-களின் ‘குழந்தையை மையமாகக் கொண்ட’ ஆங்கிலப் பள்ளியின் அலமாரியில் பிரம்பும் இருந்தது.

இந்தப் பதிவேடுகளில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் இருக்கும். அதனால் பல காப்பகங்கள் அவற்றைப் பல பத்தாண்டுகளுக்கு மூடி வைத்திருக்கின்றன. திறந்திருந்தாலும் பெயரை மாற்றி எழுதுங்கள். சிற்றூர் என்றால் பள்ளியின் பெயரையும் மறையுங்கள், ஏனென்றால் வருடத்தையும் வகுப்பையும் சொன்னாலே அங்கே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒருத்தர் ‘எல்லாமே மாறிடுச்சு’ன்னு எழுதுறார், இன்னொருத்தர் ‘எதுவுமே மாறல’ங்கிறார். யாரை நம்புறது?

பெரும்பாலும் இருவரும் வெவ்வேறு பொருளைப் பார்த்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். பேச்சை அளந்தவர்களுக்கு மாற்றம் குறைவாகத் தெரிந்தது. அமெரிக்காவில் நெட் ஃபிளாண்டர்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் வகுப்புகளில் உட்கார்ந்து நொடிக் கணக்கில் குறித்தபோது கிடைத்த விகிதம் பிரபலமானது: வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்கள், அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது. முன்பு சொன்ன கியூபனும் ஆசிரியரை மையமாகக் கொண்ட கற்பித்தல் பிடிவாதமாகத் தொடர்ந்ததையே கண்டார். தொடக்கப் பள்ளிகளில் கொஞ்சம் தளர்ந்தது, உயர்நிலைப் பள்ளிகளில் அதுவும் குறைவு.

இங்கிலாந்தில் 1967-இல், தொடக்கக் கல்வியைக் குழந்தையை மையமாக வைத்து நடத்தச் சொன்ன பிளௌடன் அறிக்கை வந்தபின், தொடக்கப் பள்ளிகள் கட்டுப்பாடில்லாமல் போய்விட்டன என்று பத்திரிகைகள் அலறின. 1970-களின் பின்பாதியில் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுப்பறைகளில் உட்கார்ந்து முறையாகக் கவனித்தார்கள். பிள்ளைகள் குழுவாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவரவர் வேலையை அவரவர் தனியாகச் செய்துகொண்டிருந்தார்கள். நாற்காலி மாறியது, வேலை மாறவில்லை! சீர்திருத்தத்தை ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் இரு தரப்புக்குமே இந்த முடிவு சங்கடம்.

ஆகவே “மாறியதா?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இருக்கை மாறியதா, பேச்சின் அளவு மாறியதா, திருத்தும் முறை மாறியதா, தண்டனை மாறியதா, வகுப்பில் எண்ணிக்கை மாறியதா என்று உடைத்துக் கேளுங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்திருக்கும்.

சீர்திருத்தம் தோத்ததுக்கு ஆசிரியர்களோட பிடிவாதம்தானே காரணம்?

அதிகாரிகளின் காகிதங்களை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும், ஏனென்றால் அவற்றை எழுதியவர்கள் அதிகாரிகள். ஆசிரியரின் மேசைக்குப் போய்ப் பாருங்கள். இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு 40 பேர் என்பதே உச்சவரம்பு, அதையும் தாண்டிய வகுப்புகள் 1950-களில் ஏராளம். பதினொரு வயதுத் தேர்வு தலைக்குமேல் தொங்கும்போது எந்த ஆசிரியர் கணக்குப் பயிற்சியை விட்டுவிட்டுக் களிமண் பொம்மை செய்ய வைப்பார்? பெற்றோர் விடுவார்களா? 1965-க்குப் பிறகு பல மாவட்டங்கள் அந்தத் தேர்வைக் கைவிட்டன. அதற்கு அப்புறம்தான் தொடக்கப் பள்ளியின் கால அட்டவணை மூச்சு விட்டது.

ஆசிரியர் யார் என்பதும் முக்கியம். போர் முடிந்ததும் இங்கிலாந்து, ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் உள்பட சுமார் 35,000 பேரை ஓராண்டு அவசரப் பயிற்சியில் ஆசிரியர்களாக்கியது. திருமணமான பெண்களை வேலையிலிருந்து நீக்கும் விதியை 1944 சட்டம் ஒழித்தது. ஜெர்மனியின் சோவியத் பகுதியில் நாஜிக் கட்சிக்காரர்களான ஆசிரியர்களை வெளியேற்றிவிட்டு, சில மாதப் பயிற்சியோடு புதியவர்களை வகுப்புக்குள் அனுப்பினார்கள். பாடத்தில் ஒரு பக்கம் மட்டுமே முன்னால் போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்களில் பலர். அப்படிப்பட்டவர் தான் சிறுவயதில் பார்த்த முறையிலேயே பாடம் நடத்தினால், அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜப்பான் சீர்திருத்தம் அமெரிக்கா திணிச்சதுதானே? அதுல ஜப்பான்காரங்க பங்கு என்ன?

அமெரிக்கக் கல்விக் குழு 1946 மார்ச்சில் போய், அந்த மாதக் கடைசியிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. சில வார வேலை. அதைச் சட்டமாக, கால அட்டவணையாக, வகுப்பாக மாற்றியவர்கள் ஜப்பானியக் கல்வியாளர்களும் அதிகாரிகளும் ஆசிரியர்களும்தான். அவர்களில் பலருக்குப் போருக்கு முன்பிருந்தே சொந்தக் கனவுகள் இருந்தன. குழு பரிந்துரைத்த எல்லாமும் நடக்கவும் இல்லை. ஜப்பானிய மொழியை ரோமன் எழுத்தில் எழுதச் சொன்னது தேங்கிப்போனது.

நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1947-இல் வந்த பாட வழிகாட்டிக்கு ‘தற்காலிக வரைவு’ என்றே பெயர். ஆசிரியர் தன் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம். 1958-இல் அதுவே கட்டுப்படுத்தும் ஆவணமாகி, நெறிக்கல்விக்குத் தனி நேரமும் திரும்பி வந்தது. இடையில், தேர்தல் மூலம் அமைந்த கல்விக் குழுக்களை 1956-இல் நியமனக் குழுக்களாக மாற்றினார்கள். திணிப்பு என்ற ஒரு சொல்லில் இத்தனை திருப்பங்களும் அடங்காது. மேற்கு ஜெர்மனியும் இதே பாடத்தைச் சொல்கிறது: அங்கேயும் 1946-இல் அமெரிக்கக் குழு பொதுப் பள்ளியைப் பரிந்துரைத்தது, 1947-இல் நேச நாடுகள் கூட்டாக ஆணையும் போட்டன, தெற்கிலுள்ள பவேரியா மாநிலம் பிடிகொடுக்கவே இல்லை.

எனக்கு ஜப்பானிய மொழியும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. இதுல இறங்கலாமா?

ஆக்கிரமிப்புக் காலக் கோப்புகள் ஏராளமாக ஆங்கிலத்தில் இருப்பதால் ‘இது போதும்’ என்று தோன்றும். அது வெளியிலிருந்து பார்த்தவர்களின் கண், அந்தக் கண்ணைப் பற்றி எழுதுவதென்றால் தாராளமாக எழுதுங்கள். வகுப்பறையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் மொழி வேண்டும், அல்லது மொழி தெரிந்த கூட்டாளி வேண்டும். கையெழுத்து நோட்டுகளை இயந்திர மொழிபெயர்ப்புக்குக் கொடுத்துவிட்டு நம்பிக்கையோடு மேற்கோள் காட்டாதீர்கள். இல்லையென்றால் இங்கிலாந்தையோ அமெரிக்காவையோ எடுத்துக்கொள்ளுங்கள், வேலை நிறைய மிச்சமிருக்கிறது.

ஒரே ஒரு பள்ளியை வெச்சு நாட்டைப் பத்திப் பேச முடியுமா? சரி, எங்கே ஆரம்பிக்கிறது?

ஒரு பள்ளியை வைத்து நாட்டைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் நாட்டைப் பற்றிப் பேசுபவர்கள் சொல்வது பொருந்துகிறதா என்று ஒரு பள்ளியை வைத்துச் சோதிக்க முடியும். லெஸ்டர் ஆய்வாளர்கள் பத்திரிகைகளின் கூச்சலைச் சோதித்ததும் இதே வழியில்தான், கொஞ்சம் பெரிய அளவில்.

ஆரம்பிக்க ஒரு தலைப்பு வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: 1947 ஏப்ரலுக்குப் பிறகு கூடுதலாகத் தங்க நேர்ந்த அந்தப் பதினான்கு வயதுப் பிள்ளைகள், கிடைத்த ஒரு வருடத்தில் என்ன செய்தார்கள்? ஒரு நவீன உயர்நிலைப் பள்ளியைப் பிடியுங்கள். நாட்பதிவேட்டில் 1946 முதல் 1949 வரை வரிசையாகப் படியுங்கள். அந்த வகுப்பின் கால அட்டவணை, கொட்டகை எப்போது வந்தது என்ற கட்டடக் கோப்பு, கிடைத்தால் ஒன்றிரண்டு நோட்டு, ஆய்வாளர் அறிக்கை ஒன்று. அந்த ஊர்ச் செய்தித்தாளையும் பாருங்கள், சம்பாதிக்க வேண்டிய பிள்ளையைப் பள்ளியில் வைத்திருக்கிறார்கள் என்று பெற்றோர் எழுதிய கடிதங்கள் இருக்கலாம். பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் கால அட்டவணை தனித்தனியாக இருந்தால், இரண்டையும் முதல் நாளே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கும் மரவேலைக்கும் எத்தனை மணி நேரம் என்ற கணக்கு பின்னால் கட்டாயம் தேவைப்படும்.